பழமொழிகளைத் துவைத்துக் காயப்போடாதீர்கள்

வாரத்துக்கு ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் அந்த மெசேஜ் வந்துவிடுகிறது. "நாம் தவறாகப் புரிந்துகொண்ட பழமொழிகள், உண்மைப் பொருள் இதோ" என்று தலைப்பு போட்டு கீழே பத்துப் பதினைந்து இருக்கும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் இல்லையாம், ஆயிரம் வேரைக் கொண்டவனாம். கழுதைக்கும் கற்பூரத்துக்கும் சம்பந்தமே இல்லையாம், கழு என்கிற கோரையைப் பாயாகத் தைத்தால் கற்பூர வாசனை வருமாம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்றால் சாப்பிடும்போது வலது கை முன்னால் போகும், வில்லில் நாணை இழுக்கும்போது பின்னால் போகும், அவ்வளவுதானாம். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதில் வரும் அடி, இறைவனின் திருவடியாம்.

இந்தக் கடைசி விளக்கத்தை எங்கள் ஆச்சியிடம் ஒருநாள் வாசித்துக் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கம், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்: "ஏலே, அப்ப உங்க தாத்தா என் முதுகுல போட்டதெல்லாம் திருவடியா?"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து இந்தத் திருத்தங்களை வேறு மாதிரிதான் பார்க்கிறேன். இவை எல்லாமே ஒரே திசையில் போகின்றன, கவனித்துப் பாருங்கள். கேலியாக இருப்பது உபதேசமாகிறது, அசிங்கமாக இருப்பது அழகாகிறது, அடி வாங்கியவன் புலம்பல் பக்தியாகிறது. நல்லவிதமாக இருக்கும் ஒரு பழமொழியை எடுத்து "இதற்கு உண்மையில் மோசமான அர்த்தம்" என்று யாரும் எழுதுவதில்லை. சொற்கள் வாய்க்கு வாய் தேய்ந்து மாறும் என்பது வாஸ்தவம்தான், ஒன்றிரண்டு திருத்தங்கள் நியாயமாகக்கூட இருக்கலாம், ஆனால் தேய்மானம் எப்போதும் இவ்வளவு ஒழுக்கமாக ஒரே பக்கம் சாயாது.

இதில் எனக்கு என்ன கவலை என்றால், எழுதத் தெரியாதவர்களின் சரித்திரம் பெரும்பாலும் இந்த அசிங்கமான பகுதியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது. படைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டவனுக்கு என்ன இருக்கிறது? படைக்குப் பிந்து என்ற இரண்டு சொல் இருக்கிறது. அதையும் நாண் இழுக்கிற கையாக மாற்றிவிட்டால் அவன் இருந்த தடயமே போய்விடும்.

ஒரு பழமொழியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "வக்கத்தவனுக்கு வாத்தியார் வேலை, போக்கத்தவனுக்குப் போலீஸ் வேலை." இதற்கும் திருத்தம் சுற்றுகிறது: வாக்குக் கற்றவன் வாத்தியார், போக்குக் கற்றவன் போலீஸ் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பழமொழி தன் வயதைத் தானே சொல்லிவிடுகிறது, போலீஸ் என்ற சொல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே. சென்னை மாகாணத்தில் போலீஸ் என்று ஒரு தனிப் படையைச் சட்டம் போட்டு அமைத்தது 1859-ல். அதற்கு முன்னால் ஊர்களில் தலையாரி, காவல்காரர், பாளையக்காரரின் காவல் உரிமை என்று வேறு ஏற்பாடுகள். ஆக, இப்போதைய வடிவம் எத்தனை பழசானாலும் அதைத் தாண்டி ரொம்பப் பின்னால் போகாது.

அந்தக் காலத்துக் கிராமத்தான் கண்ணில் இந்த இரண்டு வேலைகளும் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் என்பது பிள்ளைகள் கொண்டுவரும் நெல்லும் காய்கறியும் பண்டிகைக் காசும்தான். நிலம் உள்ளவன், தொழில் உள்ளவன் அந்தப் பக்கம் போகமாட்டான். கான்ஸ்டபிள் வேலை என்றால் சொந்த ஊரை விட்டுவிட்டு, வெள்ளைக்கார துரைக்கு சலாம் போட்டுக்கொண்டு, தன்னைப் போன்றவனையே தடியால் அடிக்க வேண்டும். அதற்கு யார் போவான்? வேறு போக்கு அத்தவன். இன்றைக்கு ஆசிரியர் வேலைக்கும் போலீஸ் வேலைக்கும் லட்சக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, அதனால் பழமொழி நமக்கு உறுத்துகிறது, உடனே திருத்துகிறோம். உறுத்தலைத் திருத்தாமல் விட்டிருந்தால், நூற்றைம்பது வருஷத்தில் ஒரு வேலையின் மதிப்பு எப்படித் தலைகீழானது என்று ஒரே வரியில் தெரிந்திருக்கும்.

இதேபோல, புழக்கத்தில் இருந்து போய்விட்ட சாமான்களும் பழமொழிக்குள் பத்திரமாகக் கிடக்கின்றன. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்கிறோம். உழக்கு என்றால் நாழி என்கிற பழைய முகத்தல் அளவில் கால் பங்கு. லிட்டர், கிலோ வந்தபின் உழக்கைக் கண்ணால் பார்த்த குழந்தை எத்தனை இருக்கும்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதில் வரும் பணம் பொதுவான பணம் இல்லை, பணம் என்ற பெயரிலேயே இருந்த ஒரு சிறு நாணயம். 1957-ல் நயா பைசா வந்து அணாவையே ஓரங்கட்டிவிட்டது, பணம் அதற்கும் ரொம்ப முன்பே செத்துப்போன காசு. ஆனால் ஸ்விக்கியில் நூறு ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அறுபது ரூபாய் டெலிவரி கட்டும்போது இன்னமும் அந்தக் காசில்தான் திட்டுகிறோம்.

பழமொழியைச் சேர்த்துவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. அகநானூற்றிலேயே "தொன்றுபடு பழமொழி" என்று மாமூலனார் சொல்கிறார், அவர் காலத்திலேயே அது பழசு. தொல்காப்பியம் முதுமொழி என்று பெயர் கொடுத்து இலக்கணமே வகுத்தது: நுட்பமாக, சுருக்கமாக, தெளிவாக, எளிமையாக இருக்க வேண்டும், சொல்ல வந்ததற்குக் காரணம் காட்ட வேண்டும். பிறகு முன்றுறை அரையனார் பழமொழி நானூறில் பாட்டுக்கு ஒரு பழமொழியை வைத்துக் கட்டினார். அதில் ஒரு வெண்பா, நெருப்பில் இருந்து உயிர் தப்பிய சோழன் மகன், பிடர்த்தலை என்பவரைத் துணையாகப் பெற்றுக் கடைசியில் செங்கோல் செலுத்தினான், அதனால் உயிரோடு இருப்பவர் அடைய முடியாத காரியம் எதுவும் இல்லை என்கிறது. கரிகாலனின் இளமைக் கதைக்கு ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டும் சான்றுகளில் இது முக்கியமானது. இங்கே பழமொழிக்கு உதாரணமாகத்தான் சரித்திரம் வந்தது, ஆனால் பழமொழிதான் அதைச் சுமந்துகொண்டு வந்தது.

அச்சில் பெரிய அளவில் தொகுத்தவர்கள் பாதிரிமார்கள். பீட்டர் பெர்சிவல் 1842-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கினார், 1874-ல் அவர் விரித்து வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல். ஹெர்மன் ஜென்சன் 1897-ல் மூவாயிரத்துச் சொச்சத்தைப் பொருள்வாரியாகப் பிரித்துப் போட்டார். மதப் பிரசங்கத்துக்கு உதவும் என்றுதான் சேர்த்தார்கள், சரி, இருக்கட்டும். நமக்கு அதில் ஒரு லாபம். "உண்மைப் பொருள்" மெசேஜ் வரும்போது இந்தத் தொகுப்புகளைத் திறந்து அன்றைக்கு மக்கள் வாயில் அது எந்த வடிவத்தில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். சாதியையும் பெண்களையும் இழிவுபடுத்துகிற பழமொழிகள் அவற்றில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை யாரும் இன்று வாயில் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று சாதிப்பது வேறு காரியம்.

சரி, ஒரு வரிப் பழமொழி இப்படி என்றால், விடிய விடியச் சொல்லும் கதை எப்படித் தப்பிப் பிழைக்கிறது? ஞாபகசக்தி, எதுகை மோனை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதெல்லாம் உண்டு. தென்மாவட்டத்து வில்லுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். கோயில் கொடையில், அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழாவில், அந்தந்தச் சாமியின் கதையைப் பாடியே ஆக வேண்டும். அந்தச் சாமிகளில் பலர் ஒரு காலத்தில் மனிதர்கள், அநியாயமாக வெட்டுப்பட்டோ தூக்கில் தொங்கியோ செத்தவர்கள். நடுச்சாமத்தில் சாவுக் கட்டம் வரும், உடுக்கை வேகம் கூடும், வீசுகோல் வில்லில் விழுகிற சத்தம் மாறும், எதிரே நிற்கிற சாமியாடிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். தன் சாவைக் கேட்டுத்தான் சாமி இறங்கும். கேட்கிறவர் சம்பந்தப்பட்ட சாமியே என்கிறபோது பாடுகிறவர் எப்படி இஷ்டத்துக்கு மாற்றுவார்?

மனிதர்களும் சும்மா விடமாட்டார்கள். எங்கள் ஊர்க் கொடையில் ஒருமுறை வில்லிசைக்காரர் ஒருவர், சாமி வெட்டுப்பட்ட இடம் என்று ஒரு மடையின் பெயரைப் பாடினார். பின்பாட்டுக்காரர் "ஆமா" என்று சொல்வதற்குள் முன்வரிசையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துவிட்டார். "அண்ணாவி, அது மேல மடைலா, கீழ மடைன்னு படிக்கீரு?" பாட்டு நின்றது. அண்ணாவி குடத்துக்காரரைப் பார்த்தார், சிரித்தார், அடியை மாற்றி மறுபடியும் பாடினார். அந்த மேல மடையில் இப்போது தண்ணீர் வருவதில்லை, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பாட்டுக்குள் மட்டும் இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, ஆகா, வாய்மொழி வரலாறு என்றால் நூற்றுக்கு நூறு உண்மை என்று கிளம்பிவிடவும் கூடாது. எட்டையபுரம் பாளையக்காரர் எட்டப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டிக்கொடுப்பவன் என்றால் தமிழில் ஒரே பெயர் எட்டப்பன்தான், பள்ளிக்கூடப் பையன்கூட "எட்டப்பன் வேலை பண்ணாதடா" என்பான். ஆனால் கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில், பிடித்துக் கும்பினியாரிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், ஒப்படைத்தது அந்தச் சீமையின் மன்னர் தொண்டைமான். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கு. புதுக்கோட்டைக்காரரை விட்டுவிட்டு எட்டையபுரத்தின் மேல் பழி ஏன் இவ்வளவு கெட்டியாக ஒட்டியது? எட்டையபுரத்துக்கும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு வெகுநாளாக உண்டு. எட்டையபுரம் கும்பினி பக்கம் நின்றது, பாஞ்சாலங்குறிச்சி அழிந்தபின் அதன் நிலத்தில் பங்கும் வாங்கிக்கொண்டது. தொலைவில் உள்ளவன் செய்ததைவிடப் பக்கத்து வயல்காரன் செய்ததுதானே நெஞ்சில் நிற்கும். அப்புறம் சினிமா வந்து அதற்கு ஆணி அடித்துவிட்டது.

ஆக, யார் யாரை எந்தத் தேதியில் பிடித்தார்கள் என்று கேட்டால் வாய்மொழி தடுமாறும். யாருக்கு யார் மேல் என்ன ஆத்திரம் என்று கேட்டால் பிசகாமல் சொல்லும். 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் சண்டையும் முடிந்தபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, அந்தப் பெயரையே கணக்குகளில் இருந்து நீக்கினார்கள். கணக்குப்பிள்ளையின் ஏட்டில் இல்லாமல் போன ஊர் கும்மியிலும் கதைப்பாடலிலும் இருந்துகொண்டே இருந்தது. அந்த ஆத்திரம்தான் வைத்திருந்தது.

கடல் தாண்டிப் போனவர்களும் இப்படித்தான் வைத்திருந்தார்கள். இலங்கை மலையகம் என்றாலே நமக்குத் தேயிலை. ஆனால் அங்கே கூலிகளாகப் போன ஆரம்பத் தலைமுறை நட்டது தேயிலை இல்லை, காப்பி. 1869 வாக்கில் இலைத்துரு நோய் வந்து காப்பியைத் தின்றபிறகுதான் தேயிலை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் சேகரித்த மலையகப் பாடல்களில் காப்பி அப்படியே இருக்கிறது, "கோப்பி" என்று. கோணல் மலையேறிக் கோப்பிப் பழம் பறிக்கும்போது ஒரு பழம் தப்பியதற்காகச் சின்னத்துரை உதைத்ததை ஒரு பாட்டு சொல்கிறது. ஒரு பழம். துரைமார்களின் கணக்கு நோட்டில் ஏற்றுமதி எத்தனை அந்தர் எடை என்று இருக்கும், இந்த ஒரு பழம் அங்கே இருக்காது.

இப்போது முத்துப்பட்டனுக்கு வருகிறேன், ஏனென்றால் கதையைத் துவைப்பது வாட்ஸ்அப் கண்டுபிடித்த தொழில் இல்லை என்பதற்கு அவன் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. முத்துப்பட்டன் பிராமண வீட்டுக் கடைசிப் பிள்ளை. பொதிகை மலைக்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவரைப் பார்த்து மயங்குகிறான். அவர்கள் சக்கிலியர் வீட்டுப் பெண்கள், இன்றைய வழக்கில் அருந்ததியர். அப்பன் பெயர் வாலப்பகடை. பெண் கேட்டு வந்தவனிடம் வாலப்பகடை சொல்கிற நிபந்தனைதான் இந்தக் கதையின் உயிர்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், அப்புறம் வா. பட்டன் வருகிறான். குடுமி இல்லாமல், பூணூல் இல்லாமல், கையால் தைத்த செருப்போடு. கல்யாணம் நடக்கிறது. ஈரம் காய்வதற்குள் மாடுகளைக் கொள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள், மாமனாரின் மந்தையைக் காக்கப் போன பட்டன் வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் சாகிறான். இரண்டு பெண்களும் தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் சாமியாகிறார்கள்.

இப்படி ஒரு கதையை ஊர் நடுவில், எல்லாச் சாதிக்காரர்களும் உட்கார்ந்திருக்கிற கொடையில், வருஷா வருஷம் பாட வேண்டும். நெளிந்திருப்பார்கள் அல்லவா? நெளிந்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள். பிற்காலப் பிரதிகளில் ஒரு முன்கதை முளைத்தது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணத் தம்பதிக்குப் பிறந்தவர்களாம், காட்டில் விடப்பட்ட குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். தீர்ந்தது பிரச்சினை. கலப்பு மணமே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. கதையின் சம்பவம் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் வாலப்பகடை போட்ட நிபந்தனைக்கு அர்த்தம் போய்விட்டது. "அது உண்மையில் திருவடி" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த ஒட்டுவேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. நாங்குநேரிக்காரர். கட்டபொம்மன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பதிப்பித்தார். பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்து, பிராமணப் பிறப்புக் கதை பின்னால் செருகப்பட்டது என்று காட்டினார். ஒரே கதைக்குப் பல வடிவம் இருந்தால் "எது ஒரிஜினல்" என்று கேட்டுவிட்டு மற்றதைத் தூக்கிப்போடுவது நம் பழக்கம். வானமாமலை மாற்றத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். கதை எந்த இடத்தில் திருத்தப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தில்தான் யாருக்கோ சுட்டிருக்கிறது. நானும் இந்தப் பழமொழி மெசேஜ்களை இப்போதெல்லாம் அழிப்பதில்லை, சேர்த்துவைக்கிறேன். இந்தத் தலைமுறைக்கு எது சுட்டது என்பதற்கு அவை ஆவணம் இல்லையா?

ஆனால் பாட்டைத் திருத்தியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னிதி இருக்கிறது, நம் முத்துப்பட்டன்தான். அங்கே நேர்த்திக்கடன் தோல் செருப்பு. மற்ற கோயிலில் வாசலிலேயே கழற்றிப் போடுகிற சாமான், இங்கே சாமிக்கு முன்னால் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ராத்திரி பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார் என்பது நம்பிக்கை, அதனால் புதிதாகக் கட்டிய செருப்புக்கூட அடி தேய்ந்துவிடும் என்பார்கள்.

ஒரு ஆடி அமாவாசைக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் எட்டு வயசுப் பையனும். அந்த அம்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு செருப்பைத் திருப்பி, தேய்ந்த அடியைப் பையனுக்குக் காட்டினாள். பையன் செருப்பையும் சாமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாமி எதுக்கும்மா செருப்பு போடுது?" என்றான்.

"அவரு செருப்பு தச்சவருல்லா" என்றாள் அவள், வரிசை நகர்ந்தது.